இறந்துபோன மாப்பிள்ளை பெண் கேட்டு எழுதியது

வடக்குமேட்டுக்குப்பம்,
பழவேற்காடு வழி.
ஆடி 22

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் துளசிங்கம் அவர்களுக்கு, தங்கள் தங்கை காந்தாவின் கணவன் லோகநாதன் கைகூப்பி எழுதிக்கொண்டது. அனுப்பம்பட்டில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க எல்லையம்மன் துணை. இங்கே உங்கள் தங்கை நலம். உங்கள் மருமகளும் என் மகளுமான வைஷ்ணவி நலம். என்னைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. நான் இறந்து ஏழு மாதம் ஆகிறது.

இதைப் போனில் சொல்ல மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் "டூட்டியில கீறேன் மாப்ள, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டீர்கள். தாங்கள் ரயில்வேயிலிருந்து ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது என்பது எனக்குத் தெரியும். பிரிவு உபசாரத்தில் உங்களுக்கு மாலை போட்டவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் கடிதம். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அப்படியே இருக்கும்.

உங்களிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, ஆவணி வளர்பிறையில் வைஷ்ணவிக்கு நிச்சயதார்த்தம். அதில் பெண் வீட்டுத் தாம்பூலத்தை மாற்றிக்கொடுக்கச் சொல்லி ஊரிலிருந்து உங்களிடம் ஆட்கள் வந்திருப்பார்கள். நீங்கள் முடியாது என்று சொல்லிவிட வேண்டும். இரண்டு, உங்கள் தங்கை காந்தாவை எனக்குக் கல்யாணம் செய்து தர வேண்டும். நான் குடிக்கவில்லை. மேலே படியுங்கள், புரியும்.

நீங்கள் சின்ன வயதிலேயே ஊரைவிட்டுப் போய்விட்டதால் எங்கள் பாடு முறை மறந்திருக்கும். ஏரியில் நல்ல மீன் வரும் இடங்கள் கொஞ்சம்தான். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று வருஷா வருஷம் சீட்டுப் போட்டு முறை பிரிப்போம். அதுதான் பாடு. கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. அவன் பேரை ஊர் நோட்டில் எழுதி முறை கொடுப்பார்கள். முறை உண்டென்றால் கட்டுப்பாடும் உண்டு. நம் முறை வந்த நாளில் கூட்டாளிகளோடு போயே ஆக வேண்டும், ஒருவன் போகாவிட்டால் படகிலிருக்கும் மற்ற மூன்று பேரின் நாளும் கெட்டது. முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் எல்லோரும் மண்வெட்டியோடு போக வேண்டும். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அன்றைக்கு ஒருத்தரும் வலை எடுக்கக் கூடாது. ஒரு மனிதன் இருமினால்கூட ஊரைக் கேட்டுத்தான் இரும வேண்டும் என்கிற அளவுக்கு இங்கே ஒழுங்கு.

நான் இதையெல்லாம் இருபத்து மூன்று வருஷம் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் வைஷ்ணவி எனக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தாள். அதில் கோட்டுப் போட்ட ஒருவர் தினமும் காலையில் பேசுவார். உன் வாழ்க்கை உன் கையில், அடுத்தவன் போட்ட கோட்டுக்குள் நீ ஏன் நிற்கிறாய், உன் நேரத்துக்கு நீதான் ராஜா என்று சொல்வார். படுத்துக்கொண்டே கேட்டால் நன்றாகப் புரியும். அவர் பேச்சைக் கேட்டு முடிப்பதற்குள் விடிந்து வெயில் ஏறிவிடும் என்பதால் மார்கழியில் என் பாடு முறை மூன்று தடவை தவறிப்போனது. நான் போகவில்லை என்று மூன்று தடவையும் கூட்டாளிகள் கரையில் நின்று கத்திவிட்டுத் திரும்பினார்கள். தை மாதம் கோயில் எதிரில் ஊர்க்கூட்டம் போட்டு என்னை நடுவில் நிற்க வைத்தார்கள்.

பெரியவர் முனியன்தான் கேட்டார். உங்களுக்கு அவரைத் தெரியும், ஊர்த் தலைவர், காது மந்தம், ஆனால் மற்றவர் குற்றம் மட்டும் நன்றாகக் கேட்கும். "இன்னா லோகு, மூணு தபா வர்ல. உடம்பு சரியில்லியா?" என்றார். சரியில்லை என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும் மச்சான். நான் தலையை நிமிர்த்தி, "உடம்பு நல்லாத்தான் கீது. நான் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்ல. எனக்கு உங்க முறையும் வேணாம், உங்க கட்டுப்பாடும் வேணாம். நோட்டுலேர்ந்து எம் பேர எடுத்துடுங்க" என்றேன். கோட்டுக்காரர் சொல்லிக்கொடுத்தபடி கண்ணைப் பார்த்துப் பேசினேன். முனியன் கண்ணில் புரை என்பதால் அவர் அதைக் கவனிக்கவில்லை.

கூட்டம் அசந்துவிட்டது. எங்கள் ஊரில் தலைக்கட்டை விட்டு ஒருவரும் தானாகப் போனதில்லை. இளவழகன் என்று ஒரு பையன், பொன்னேரி காலேஜில் பி.காம். படித்தவன், அவன்தான் நோட்டு எழுதுகிறான். அவன் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல பேரு, கல்யாணத் தேதி, செத்த தேதின்னு மூணு கட்டந்தான் கீது லோகுண்ணா. மூணாவது கட்டத்துல தேதி போடாம பேர அடிக்க முடியாது" என்றான். நான் சூட்டில் இருந்தேன். "அப்ப போட்டுக்கோ" என்றேன். முனியன், "அவனே சொல்றான், இன்னிக்கித் தேதியே போடு" என்றார். இளவழகன் அடிக்கோல் வைத்து என் பேரை நேராக அடித்தான். அந்த அக்கறைக்கு அவனைப் பாராட்டத்தான் வேண்டும்.

செத்தவனுக்கு மகன் இல்லாவிட்டால் முறை பெண்டாட்டிக்குப் போகும். இதுவும் ஊர் வழக்கம்தான். புருஷனை இழந்த குப்பம்மா பதினைந்து வருஷமாக ஏரிக்குக் கூலி ஆளை அனுப்பி அப்படித்தான் முறை வைத்திருக்கிறாள். உங்கள் தங்கை அப்போது இறால் கூடையோடு ஓரமாக நின்றிருந்தாள். "காந்தா, உம் பேர எழுதறோம், சம்மதமா?" என்று முனியன் கேட்டார். ஒரு பெண் இந்த இடத்தில் என்ன செய்வாள்? அழுவாள், ஐயோ என் புருஷன் உயிரோடு இருக்கிறாரே என்பாள். உங்கள் தங்கை என்னை ஒரு தடவை பார்த்தாள். கூடையைக் கீழே வைத்தாள். "எழுதுங்க மாமா" என்றாள். அவள் பெயர் எழுதி முடிக்கும்வரை நின்றுவிட்டு, எழுத்து சரியா என்று பார்த்துவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். பொட்டு அழிப்பதா வேண்டாமா என்று யாரோ ஒரு கிழவி கேட்டதற்கு மட்டும், "ஆளு கீறாரு, பேருதான் பூட்ச்சி" என்று பதில் சொன்னாளாம்.

முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது, அதை நான் மறைக்கவில்லை. எழுந்திருக்கும் நேரம் என் இஷ்டம். கூட்டத்துக்குக் கூப்பிட ஆள் வரவில்லை. ஊர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து இளவழகன் என்னை எடுத்துவிட்டான். அதற்கு நாற்பத்தொரு பேர் கும்பிடும் கை படம் போட்டதாக வைஷ்ணவி காட்டினாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருக்கும் சுதந்திரத்தைப் பற்றி எடுத்துச் சொன்னேன். அவர்களும் கேட்டார்கள், ஆனால் வலைக்கு நேரமாகிறது என்று ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் நானும் டீக்கடைக்காரரும் மட்டும் இருப்போம், அவருக்கும் பாத்திரம் கழுவ வேண்டியிருக்கும்.

பங்குனியில் சும்மா இருக்கப் பிடிக்காமல் பழைய நாட்டுப் படகை எடுத்துக்கொண்டு தனியாக ஏரிக்குப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, அவ்வளவு பெரிய ஏரியில் ஒவ்வொரு இடமும் அன்றைக்கு ஒருவருடைய முறை. யாருக்கும் வேண்டாத இடம் ஒன்றுதான் இருந்தது, வடக்கே சேற்றுத் திட்டு. அங்கே வலையை விட்டேன். தண்ணீர் வற்றியது. படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இறங்கித் தள்ளலாம் என்று கால் வைத்தால் தொடைவரை உள்ளே போகிறது. நம் ஊர்ப் படகுகள் ஒன்று, இரண்டு, ஐந்து, என் கண்ணெதிரே போயின. ஒன்றும் நிற்கவில்லை. நான் துண்டை வீசினேன், அவர்களும் பதிலுக்குத் துண்டை வீசிவிட்டுப் போனார்கள். கரைக்கு வந்த பிறகு முனியனிடம் போய் இது மனுஷத்தனமா என்று கேட்டேன். "யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லன்னு சொன்ன. நீ இன்னாத்துக்கு அங்க குந்தினு கீறன்னு நாங்க எப்டி கேக்கறது? உனுக்கு அங்க குந்த இஷ்டமா இருக்கலாம்" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை மச்சான். அதுதான் எனக்கு ஆத்திரம். மெய்யாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள்.

அன்று சேற்றில் வெயில் உச்சிக்கு வந்தபோது ஒரு படகு என்னை நோக்கித் திரும்பியது. முன்பக்கம் உங்கள் தங்கை உட்கார்ந்திருந்தாள். என் முறை, என் இடம், என் கூட்டாளிகள் மூன்று பேர், நடுவில் இவள், தலையில் என் பழைய துண்டு. பெண் பிள்ளை பாடு முறைக்குப் போகலாமா என்று ஊர் இரண்டு மணி நேரம் பேசியதாம். கூடாது என்று நோட்டில் எங்கேயும் எழுதவில்லை என்று இளவழகன் சொன்னதால் விட்டுவிட்டார்களாம். கயிற்றை வீசினாள், என் படகைக் கட்டி இழுத்து வந்தாள். கரையில் இறங்கும்போது, "சோறு எடுத்தாந்தியா, இல்ல அதுவும் உன் இஷ்டமா?" என்று கேட்டாள். கூட்டாளிகள் மூன்று பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அவள் ஒரு முறையைக்கூடத் தவறவிடுவதில்லை. இதைக் குற்றமாகச் சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனால் சொல்கிறேன். விடிவதற்கு முன்னால் எழுந்து சோறு கட்டி, எனக்கும் மூடி வைத்துவிட்டு, சத்தம் செய்யாமல் கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள். சத்தம் செய்தாலாவது சண்டை போடலாம். ஒரு நாள் நானாகவே ஆரம்பித்தேன். "என் முறைய புடுங்கிக்கினு ஊர்ல எனக்குப் பேரில்லாம பண்ணிட்ட" என்றேன். வலையில் சிக்கிய பாசியை எடுத்துக்கொண்டே பேசினாள். "இருபத்து மூணு வருசத்துல நீ போவாத நாளுக்கெல்லாம் யாரு ஓடி ஓடி ஆள் புட்ச்சி அனுப்பினது? எங்க பெரியப்பா வூட்டுப் புள்ள, எதுத்த வூட்டுக்காரன், யார் கால்லயாவது உய்ந்து அனுப்புவேன். உம் பேர்ல. உனுக்கே தெரியாது. மார்கழில மூணு தபாதான் அனுப்பல. எனுக்குக் காய்ச்சல்" என்றாள். நான் யோசித்துப் பார்த்தேன். மார்கழியில் அவளுக்குக் காய்ச்சல் இருந்தது எனக்கு நினைவில்லை. அதைச் சொல்லாமல் வெளியே போய்விட்டேன்.

சித்திரையில் புது வருஷப் பாடு முறைக்குச் சீட்டுப் போட்டார்கள். வேடிக்கை பார்க்க நானும் போனேன். சீட்டுப் போடுவதற்கு முன்னால் அந்த வருஷம் மறைந்த தலைக்கட்டுகளின் பெயரைப் படித்து ஒரு நிமிஷம் மௌனமாக நிற்பது வழக்கம். இளவழகன் இரண்டு பெயரைப் படித்தான். முதல் பெயர் மாரடைப்பில் போனவர். இரண்டாவது நான். கூட்டம் முழுக்க எழுந்து தலைகுனிந்து நின்றது. எல்லோரும் நிற்கும்போது நான் மட்டும் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காதே என்று நானும் எழுந்து நின்றேன். பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்தார். அந்த ஒரு நிமிஷம் என்ன நினைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் என்னென்ன செய்தேன் என்று நினைத்துப் பார்த்தேன், பாதி நிமிஷத்திலேயே தீர்ந்துவிட்டது.

மறுநாளே பொன்னேரிக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன். ஆதார் அட்டை, ஓட்டு அட்டை எல்லாவற்றையும் பரப்பி வைத்து, என்னை உயிரோடு இருப்பதாக அறிவிக்க வேண்டும் என்றேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "சட்டப்படி ஊர் நோட்டு செல்லாதுங்க. அதனால நீங்க சாகவே இல்ல. சாகாதவரை எப்படி உயிரோட கொண்டுவர்றது?" என்று கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. அங்கிருந்து ரயிலில் ஒரு ஸ்டேஷன்தானே, அனுப்பம்பட்டுக்கு வந்து உங்களைப் பார்க்கலாமா என்று நினைத்தேன். நீங்கள் டூட்டியில் இருப்பீர்கள் என்று விட்டுவிட்டேன்.

இவ்வளவையும் நான் தாங்கிக்கொண்டேன் மச்சான். சேற்றில் உட்கார்ந்ததைத் தாங்கினேன், எனக்கே மௌன அஞ்சலி செலுத்தியதைத் தாங்கினேன். இப்போது வந்திருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. வைஷ்ணவிக்குக் கடற்கரைக் குப்பத்தில் விமல் என்று ஒரு பையன் அமைந்திருக்கிறான், நல்ல பையன், தவறாமல் வேலைக்குப் போகிறவன். நம் வழக்கப்படி நிச்சயத் தாம்பூலத்தை இரண்டு பக்கத்துத் தலைக்கட்டுகளும் ஊர் முன்னால் கை மாற்ற வேண்டும். என் பேர்தான் நோட்டில் இல்லையே. காந்தாவுக்கு முறை உண்டு, ஆனால் கணவன் செத்த பாத்தியதையில் வந்த முறை என்பதால் மங்கல காரியத்தில் அவள் தட்டைத் தொடக் கூடாது என்று முனியன் சொல்லிவிட்டார். அப்பன் இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன் கொடுப்பதுதான் வழக்கமாம். அப்பன் இல்லாத பெண். நான் அந்த இடத்தில்தான் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் பிறந்தபோது பொன்னேரி ஆஸ்பத்திரியில் முதலில் அவளை வாங்கியவன் நான். அவளுக்குக் காது குத்தும்போது உங்கள் மடியில் உட்காராமல் என்னிடம் ஓடி வந்தாள், உங்களுக்கு நினைவிருக்கும். அவளைக் கொடுக்கும்போது அந்தத் தட்டு என் கையில் இருக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை. இதற்காக முனியன் வீட்டுக்கு நான்கு தடவை போனேன். மறுபடி பேர் எழுதுங்கள் என்றேன். இளவழகன் நோட்டைத் திறந்தான். "புதுசா எழுதணும்னா ரெண்டாவது கட்டத்துல கல்யாணத் தேதி வேணும்ணா" என்றான். எனக்குத்தான் கல்யாணம் ஆகி இருபத்து நான்கு வருஷம் ஆகப்போகிறதே என்றேன். "அந்தக் கல்யாணத்துக்கு எழுதின பேர அட்ச்சாச்சி. ஒரு கல்யாணத்துக்கு ஒரு தபாதான் எழுதலாம். வேற கல்யாணம் பண்ணிக்கினு வா" என்றான். முனியன் கொஞ்சம் யோசித்து, "காந்தா நோட்டுப்படி தனியாத்தான் கீது. அதையே கேட்டுப் பாரேன். நம்ம ஊர்ல மறுகல்யாணத்துக்குத் தடை இல்ல" என்று எனக்கு வழி காட்டினார்.

ஆகவே முறைப்படி, பெண்ணின் அண்ணனாகிய தங்களிடம் பெண் கேட்கிறேன். மாப்பிள்ளைக்கு வயது நாற்பத்தொன்பது. கெட்ட பழக்கம் பீடி ஒன்றுதான். ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆனவன், மனைவி உயிரோடு இருக்கிறாள், அவளே பெண் என்பதால் அவள் பக்கத்திலிருந்து தகராறு வராது. முதல் தடவை நான் உங்கள் அப்பாவிடம் பெண் கேட்டபோது ஒரு வார்த்தையும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. இந்தத் தடவை எழுதியே கொடுக்கிறேன். இனி என் முறைக்கு நானே போவேன். மண் எடுக்கக் கூப்பிட்டால் முதல் ஆளாக நிற்பேன். கட்டுப்பாடு என்றால் என்ன என்று ஒன்றும் இல்லாமல் ஏழு மாதம் இருந்து தெரிந்துகொண்டேன். யாருக்கும் வேண்டாதவனுக்குத்தான் எந்தக் கட்டும் இல்லை. கோட்டுக்காரரைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன். உங்கள் தங்கைக்கு நல்ல வார்த்தை சொல்லிச் சம்மதிக்க வையுங்கள். ஊர்க்காரர்கள் தாம்பூலத்துக்கு உங்களை அழைத்தால், பெண்ணின் அப்பன் இருக்கிறான் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை போதும்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், செத்தவன் ஆசி பலிக்கும் என்பார்கள், அதனால் தாராளமாகவே அனுப்புகிறேன். எல்லையம்மன் உங்கள் குடும்பத்தை ஒரு குறையும் இல்லாமல் காப்பாள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் பழைய கணவனும்
புது மாப்பிள்ளையுமாகிய
லோகநாதன்

பி.கு.: மேலே இருப்பது நேற்று எழுதியது. உறையை ஒட்டுவதற்குள் இன்று காலை இளவழகன் வந்தான். "பெரியவங்க பேசிட்டாங்கண்ணா. கல்யாணமெல்லாம் வேணாம், சும்மா வெளையாட்டுக்குச் சொன்னது. நாளைக்கு உங்க வூட்டு முறை. காந்தாண்ணிக்குப் பதிலா நீ போயி நின்னா போதும், நாளைக்கே பேர எழுதிடறோம். தாம்பூலம் நீயே குடுக்கலாம். அண்ணிதான் வந்து கேட்டுச்சி, அதுவே உட்டுக் குடுக்குது" என்றான். நான் என்ன சொன்னேன் என்று எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். "நாளைக்கா? முட்டி வலியா கீதே. அடுத்த முறைக்குப் பாக்கலாமா?" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை மச்சான், வாய் தானாகச் சொல்லிவிட்டது. இளவழகன் "சரிண்ணா" என்று போனான்.

உள்ளே வைஷ்ணவி இருந்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது பதில் வைத்திருப்பேன். தைல பாட்டிலைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். "தாம்பூலம் மாமாவே குடுக்கட்டும் நைனா. நீ குந்தினு பாரு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். ஆகவே நீங்கள் அவசியம் வர வேண்டும். முதல் நாளே வந்துவிடுங்கள். இளவழகன் இன்னும் தெருமுனை தாண்டியிருக்க மாட்டான், எழுந்து போய் வருகிறேன் என்று சொல்லலாம். இந்தக் கடிதத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அவள் அங்கிருந்து பார்க்கிறாள் என்று தைலத்தையும் தடவிக்கொண்டேன். எனக்கு முட்டியில் வலியே இல்லை மச்சான்.